டெஸ்டிட்யூட்: பரம ஏழையா, கைவிடப்பட்டவரா?

கேள்வி: தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர், 2024 ஜூன் 18

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'டெஸ்டிட்யூட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்னிடமுள்ள அகராதி 'பரம ஏழை' என்று பொருள் தருகிறது. விதவைகளுக்கான சான்றிதழில் அதே சொல்லுக்கு 'ஆதரவற்ற' என்று போட்டிருக்கிறார்கள். ஏழை வேறு, ஆதரவற்றவர் வேறு அல்லவா? அரசின் மொழிபெயர்ப்பு தவறு என்பது என் கருத்து.

ஜூன் 18, இரவு

தவறில்லை. சொல்லின் பிறப்பைப் பார்த்தால் உங்கள் அகராதியைவிடச் சான்றிதழ்தான் மூலத்துக்கு அருகில் இருக்கிறது.

லத்தீனில் 'ஸ்டாட்டுவெரே' என்றால் நிறுத்துதல், நிறுவுதல். அதன் முன்னால் விலகலைக் குறிக்கும் 'டே' என்ற ஒட்டுச் சேர்ந்து 'டெஸ்டிட்டுவெரே' ஆகிறது: ஒருவரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு விலகிப்போதல். அப்படி நிறுத்தப்பட்டவர் 'டெஸ்டிட்டூட்டுஸ்'. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் 'கைவிடப்பட்ட', 'ஒன்றை இழந்த' என்ற பொருளோடுதான் அது நுழைந்தது. உண்ண உடுக்க வழியில்லாத வறுமை என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் அதன்மேல் படிந்தது. இன்ஸ்டிட்யூட், கான்ஸ்டிட்யூஷன் எல்லாம் இதே வேர்தான். வடமொழியின் 'ஸ்தா'வும், அதன் வழியாக நாம் சொல்லும் ஸ்தாபனமும் ஸ்தானமும் இதற்குத் தூரத்து உறவு.

இந்தக் கடற்கரையில் இருபத்தாறு ஆண்டுகளாக மனு எழுதிப் பிழைக்கிறேன். என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் பெண்களில் ஒருவர்கூட 'நான் பரம ஏழை' என்று பேச்சைத் தொடங்கியதில்லை. "நடுத்தெருவுல நிப்பாட்டிட்டுப் போயிட்டாருண்ணே" என்றுதான் தொடங்குவார்கள். நிறுத்தியவர், நிற்பவர், விலகிப்போன செயல் மூன்றும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. லத்தீன் தெரியாத அந்தப் பெண்கள் லத்தீன் வினையை எழுத்துக்கு எழுத்து தமிழில் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'இண்டிஜென்ட்' என்ற சொல்லும் வறியவரைக் குறிப்பதுதான். மண்ணின் மைந்தரைக் குறிக்கும் 'இண்டிஜினஸ்' என்பதும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை.

ஜூன் 19, காலை

நேற்றைய கடைசி வாக்கியங்களைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு சொற்களுக்கும் பொதுவானது 'உள்ளே' என்ற பொருளுடைய 'இண்டு' என்னும் பழைய முன்னொட்டு மட்டுமே. 'இண்டிஜென்ட்' என்பதில் அதன் பின்னால் நிற்பது 'எகேரே', அதாவது தேவைப்படுதல், இல்லாமல் தவித்தல். 'இண்டிஜினஸ்' என்பதில் நிற்பது பிறப்பித்தலைக் குறிக்கும் வேறொரு வினை. ஓசை ஒத்திருந்ததால் உறவு என்று எழுதிவிட்டேன். தேர்வுக்குப் படிக்கிறவர் இந்தத் திருத்தத்தைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஜூன் 21

அப்படியானால் 'பாப்பர்' என்ற சொல் எங்கே சேரும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து முதியவர்கள் வாயில் அது இன்னும் தமிழாகவே புழங்குகிறது. கடலை வியாபாரத்தில் நொடித்தவரை, படகு விற்றுக் கடன் கட்டியவரை, "பாப்பராப் போனான்" என்பார்கள். அந்தச் சொல் நீதிமன்றத்தின் வழியாக ஊருக்குள் வந்தது. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளை, நீதிமன்றக் கட்டணம் செலுத்த வழியில்லாதவர் கட்டணமின்றி வழக்குத் தொடர இடம் கொடுக்கிறது. அப்படித் தொடர்பவரை அந்தச் சட்டம் முதலில் 'பாப்பர்' என்றே அழைத்தது. 1976இல் திருத்தம் வந்தபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'இண்டிஜென்ட் பெர்சன்' என்று போட்டார்கள். சட்டப் புத்தகத்தை விட்டுப் போய் ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது, ஊர்வாயை விட்டு அந்தச் சொல் போகவில்லை.

இதற்கும் லத்தீன்தான் மூலம். 'பாவ்' என்பது சிறிது, 'பரேரே' என்பது ஈனுதல். சிறிதளவே ஈனுவது, சிறிதளவே ஈட்டுபவர். இந்த விளக்கத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மனிதரில்லை. கடலாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவே கிடக்கும் வானம் பார்த்த பூமிதான். எவ்வளவு உழுதாலும் மழை வைத்த கணக்குக்குமேல் ஒரு மரக்கால் தராத நிலம். அந்த நிலத்தை யாரும் கைவிட்டுப் போய்விடவில்லை, அதன் இயல்பு அப்படி. 'டெஸ்டிட்யூட்' அப்படிப்பட்ட சொல் அன்று. அதில் ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். யாரோ போயிருக்க வேண்டும்.

'பெனுரி' என்பதும் கடும் பற்றாக்குறையைக் குறிக்கும் லத்தீன் வழிச் சொல்தான். அதிலிருந்து பிறந்த 'பெனூரியஸ்' ஏழையையும் கஞ்சனையும் ஒருசேரக் குறிக்கும். நாமும் காசை இறுக்கிப் பிடிப்பவரைத் 'தரித்திரம்' என்று ஏசுகிறோம். இல்லாதவரையும் கொடாதவரையும் ஒரே சொல்லால் அடிக்கும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. எனக்கு அது பிடித்தமில்லை.

ஜூன் 24

மூன்று நாளாக ஒரு லத்தீன் வரி மனத்தை விட்டு அகலவில்லை.

கவிஞர் வெர்ஜில், கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டுக்காரர், தம் முதல் ஆயர் பாடலில் ஓர் ஆட்டிடையனைப் பேசவைக்கிறார். தனக்கு உதவியவரின் முகத்தை மறப்பது நடவாத காரியம் என்று சொல்ல வந்தவன், அதற்கு முன்பு மான்கள் வானத்தில் மேயும், கடல் மீன்களைக் கரையில் வெற்றுடம்பாக விட்டுவிட்டுப் போகும் என்று அடுக்குகிறான். 'விட்டுவிட்டுப் போகும்' என்ற இடத்தில் அவர் வைத்த வினை இந்த 'டெஸ்டிட்டுவெரே'தான்.

அவருக்கு அது நடவாத காரியம். பாக் நீரிணைக் கரையில் இருப்பவர்களுக்கு அது கண்ணால் கண்ட காட்சி. ராமேசுவரம், பாம்பன் பக்கம் கடல் உள்வாங்கும் நாட்களில் காலையில் போய்ப் பாருங்கள். முந்தின இரவு மிதந்துகொண்டிருந்த நாட்டுப்படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து தரைதட்டி நிற்கும். அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியும் பாசியும் வெயிலில் காய்ந்து வெளுக்கத் தொடங்கும். பாறை இடுக்கில் ஓர் உள்ளங்கையளவு நீரில் குஞ்சு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துடிக்கும். சிறு பிள்ளைகள் அவற்றைச் சட்டியில் அள்ளிப் போவார்கள். நங்கூரம் போட்ட இடத்திலேயே படகு இருக்கிறது, இருந்த இடத்திலேயே மீன் இருக்கிறது. நகர்ந்து போனது தண்ணீர்தான். எந்த அகராதியும் தராத தெளிவு இந்தச் சொல்லைப் பற்றி அங்கே கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஜூன் 25

நேற்று எழுதியதில் ஒரு விடுபாடு. உள்வாங்கிய கடல் பெரும்பாலும் சில மணி நேரத்தில் திரும்பிவிடும், படகுகள் மறுபடி மிதக்கும்.

ஜூன் 26

1964ஆம் ஆண்டு திரும்பி வந்த கடல் வேறு மாதிரி வந்தது. என் தந்தை அப்போது தனுஷ்கோடியில் கப்பல் சாமான் சுமந்துகொண்டிருந்தார். தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்த காலம். டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையே அலை அடித்துக்கொண்டு போனது. பிறகு அரசு அந்த ஊரைக் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவித்தது. தந்தை உடுத்த துணியோடு ராமேசுவரம் வந்து சேர்ந்தார். பின்னாட்களில் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது அவர் ஏழ்மை என்றோ வறுமை என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. "அத்துப்போய் நின்னோம்" என்பார். அற்றுப்போய் நிற்றல். பவளப்பாறைக் கல்லால் கட்டிய தேவாலயச் சுவர் இன்னும் அங்கே கூரையில்லாமல் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள்.

ஜூலை 2

இந்தச் சொல்லைப் பற்றி இத்தனை நாள் விடாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெயரும் ஊரும் வேண்டாம். பாம்பனுக்கு அருகில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் பாசி எடுப்பவர். தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பார். விரல்களில் பழந்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார், இருந்தும் பாறை துணியைத் தாண்டி அறுக்கும். கைரேகை வைக்கும் கருவி நான்கு முறை அவர் பெருவிரலை ஏற்க மறுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரேகை இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைத் தழும்புகள். ஈரத்துணியால் துடைத்து ஐந்தாம் முறை வைத்தபோதும் ஏற்கவில்லை. மோதிர விரலைத்தான் அது ஏற்றது.

கணவர் நாட்டுப்படகில் கடலுக்குப் போய் மூன்று ஆண்டு ஆகிறது. படகின் பலகைகள் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. காவல் நிலையத்தில் காணாமல் போனவர் என்று பதிவாகியிருக்கிறது. இப்போது உதவித்தொகைக்கு மனு. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் என்று எழுதினால் கணவரின் இறப்புச் சான்று கேட்பார்கள், அது இல்லை. கணவரால் கைவிடப்பட்டவருக்கான ஓய்வூதியம் என்று எழுதினால், அவர் கைவிட்டார் என்று இந்தப் பெண் எழுத்தில் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மறுத்துவிட்டார். "அவுக என்னைய விடலண்ணே. கடலுக்குத்தான் போனாக" என்றார்.

முதல் மனுவில் நான் 'மிகவும் வறிய நிலையில் வாழ்ந்துவருகிறேன்' என்று எழுதிக்கொடுத்தேன். அந்த அலுவலகத்தில் மேசைக்கு அப்பால் இருந்தவர் அந்த வரியின்கீழ் பென்சிலால் கோடிழுத்து, "வறுமைக்கு வேற திட்டம், இது ஆதரவற்றவங்களுக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டத்தின் சொல்லை அவர் சரியாகவே பிடித்திருந்தார். ஒரு பகல் முழுவதும் பாசிக்குப் போகாமல் வந்த பெண்ணைத் திரும்ப அனுப்பியதில் என் பங்கும் உண்டு. அன்று இரவுதான் 'டெஸ்டிட்யூட்' என்ற சொல்லை முதன்முறையாக வேர்வரை தேடிப் பார்த்தேன். அது ஏப்ரல் மாதம், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்த நேரம். உங்கள் கேள்வி வருவதற்கு இரண்டு மாதம் முன்பு.

ஜூலை 3

ஏழு ஆண்டு விதியைப் பற்றிப் பலர் தவறாக எண்ணுகிறார்கள் என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றி, இயல்பாகச் செய்தி அறிந்திருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்று மெய்ப்பிக்கப்பட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இந்த மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம் பிரிவின் எண்ணை மாற்றியிருக்கிறது, ஏழு ஆண்டை மாற்றவில்லை. ஏழு ஆண்டு முடிந்த மறுநாள் சான்றிதழ் தானாக வீடு தேடி வராது. பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பு வாங்க வேண்டியிருக்கும். இந்தப் பெண்ணுக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. அதுவரை அவர் சட்டத்தின் கணக்கில் சுமங்கலி.

ஜூலை 9

'கைவிடப்பட்டவர்' எப்படிப் 'பரம ஏழை' ஆனார் என்ற கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

எளிய விடை: கைவிடப்பட்டவர் விரைவில் ஏழையாகிவிடுகிறார், எனவே சொல்லும் கூடவே வழுக்கியது. ஆனால் அரசாங்கமும் அதைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. இங்கிலாந்தில் 1834இல் ஏழையர் சட்டத்தைத் திருத்தியவர்கள், உழைத்துப் பிழைக்கும் ஏழை ஒரு வகை, பிழைப்பே இல்லாமற்போனவர் மற்றொரு வகை என்று பிரித்து, இரண்டாமவருக்கு மட்டுமே உதவி என்று கோடு போட்டார்கள். அந்த இரண்டாம் நிலைக்கு நிருவாகத்தில் நிலைத்த பெயர் 'டெஸ்டிட்யூஷன்'. ஒருவர் உண்மையிலேயே அந்த நிலையில் இருக்கிறாரா என்று சோதிக்கும் கருவியாகப் பணியில்லம் அமைந்தது. அதற்குள் நுழைந்தால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். கைவிடப்பட்டவருக்காக என்று கட்டிய வீட்டின் வாசலிலேயே குடும்பம் ஒருவரை ஒருவர் கைவிட வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்தச் சோதனை மனப்பான்மை கப்பலேறி இங்கேயும் வந்தது. 1876 முதல் 1878 வரை, நாம் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லும் காலத்தில், சென்னை மாகாணத்தின் நிவாரணப் பணிகளில் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் கல்லுடைக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். உண்மையிலேயே வழியற்றவர் மட்டும் வரட்டும் என்பதுதான் அப்படிப்பட்ட கூலிக்குப் பின்னால் இருந்த நியாயம். பஞ்சத்துக்குத் தப்ப நினைத்த எங்கள் பக்கத்து மக்கள் கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குக் கடல் கடந்தார்கள்.

ஜூலை 10

தமிழில் திருவள்ளுவர் 'நல்குரவு' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். அதில் 1047ஆம் குறளைத்தான் நான் எடுப்பேன். அறத்தோடு பொருந்தாத வறுமை வந்தால், பெற்ற தாயும் அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள் என்கிறார். இங்கே வறுமை முதலில் வருகிறது, கைவிடுதல் பின்னால் வருகிறது. லத்தீன் சொல்லில் கைவிடுதல் முதலில், வறுமை பின்னால். ஒரே சங்கிலியை இரண்டு முனையிலிருந்தும் பிடித்திருக்கிறார்கள்.

வறுமை என்ற சொல்லே வறட்சி, வறள், வற்றுதல் ஆகியவற்றின் குடும்பம். நீர் வற்றுவதுதான் அதன் முதல் படிமம். அற்ற குளத்தை விட்டுப் பறவைகள் பறந்துபோவதை உறவுக்கு உவமையாகச் சொல்லும் மூதுரைப் பாட்டில் வற்றுவதும் விட்டுப்போவதும் ஒன்றாகவே நடக்கின்றன. வெர்ஜிலின் கடலும் ஒளவையின் குளமும் எனக்கு இப்போது ஒரே நீர்நிலையாகத் தெரிகின்றன.

ஜூலை 11

சிறு சேர்க்கை. ஆங்கில பைபிளின் 102ஆம் சங்கீதத்தில் 'டெஸ்டிட்யூட்' வரும் இடத்தில் தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு 'திக்கற்றவர்கள்' என்று போட்டிருக்கிறது. தங்கச்சிமடம் பக்கத்தில் படகோட்டும் நண்பர் ஒருவர்தான் நினைவூட்டினார். திசை தெரியாமல் ஓரிரவு கடலில் கிடந்தவருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. நாதியற்றவர் என்றால் காப்பவர் இல்லை, கதியற்றவர் என்றால் போகும் வழி இல்லை, திக்கற்றவர் என்றால் திசையே இல்லை. இவற்றில் ஒன்றாவது காசைப் பற்றிப் பேசுகிறதா என்று பாருங்கள்.

ஜூலை 22

இன்று அந்தப் பெண் மறுபடி வந்தார். இரண்டாவது மனுவில் நான் மிகுந்த கவனத்தோடு எழுதி வைத்திருந்த வரியைப் படித்துக் காட்டினேன்: 'கணவரைக் கடலில் இழந்து, எவருடைய ஆதரவும் அற்ற நிலையில் இருக்கிறேன்.' அவர் கையெழுத்துப் போடவில்லை.

"ஆதரவத்தவன்னு எழுதாதீகண்ணே. எங்க அக்கா மூணு வருசமா எனக்கும் எம் பிள்ளைகளுக்கும் சோறு போடுறா. இதக் கேட்டா அவ மனசு என்ன பாடுபடும்?"

ஒரு மாதமாக நான் 'ஆதரவற்ற' என்ற மொழிபெயர்ப்புக்காக வாதாடியிருக்கிறேன். சொல்லின் வேரில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. ஆனால் சான்றிதழில் அந்தச் சொல் வேறு வேலையும் செய்கிறது. உதவி வாங்க வருபவர், தன்னைத் தாங்கிப் பிடித்த கையை இல்லையென்று எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் இதுவரை எழுதிய எத்தனையோ மனுக்களில் எத்தனை அக்காக்களை, எத்தனை பக்கத்து வீட்டாரை இல்லாமல் ஆக்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆகவே ஜூன் 18 அன்று 'தவறில்லை' என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். 'ஆதரவற்ற' என்பது இல்லாமையை மட்டும் சொல்கிறது. யார் நிறுத்திவிட்டுப் போனார்கள் என்ற பாதியை விட்டுவிடுகிறது. 'கைவிடப்பட்ட' என்பது போனவர்மேல் பழியைப் போட்டுவிடுகிறது. கடல் கொண்டுபோன ஒருவரின் மனைவிக்கு இரண்டும் பொருந்தவில்லை.

ஜூலை 23

வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: 'கடலுக்குச் சென்ற என் கணவர் 3 ஆண்டுகளாகத் திரும்பவில்லை. எனக்கெனத் தனி வருமானம் இல்லை. என் தமக்கையின் குடும்பம் தன் உணவில் பங்கு கொடுத்து என்னையும் என் இரு பிள்ளைகளையும் காத்துவருகிறது. அவர்களும் கடலை நம்பி வாழ்பவர்கள்.' காவல் நிலையப் பதிவின் நகலை இணைத்து, திட்டத்தின் பெயர் கேட்கும் கட்டத்தில் இரண்டு திட்டங்களின் பெயரையும் எழுதி, தகுதி எதுவோ அதன்கீழ்ப் பரிசீலிக்கக் கோரியிருக்கிறேன். வாங்கிக்கொள்வார்களா என்பது வியாழக்கிழமை தெரியும்.

இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அக்காவைப் பற்றிய வரி வந்தபோது பக்கத்தில் நின்ற அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரோட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார். இவர் விரல் துணியை அவிழ்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.